குப்பைமேட்டுப் பக்கத்துல போர்வெல்: டிடிஎஸ் மீட்டர் சொல்றத நம்பலாமா?

சென்னை துரைப்பாக்கத்துல இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பெருங்குடி குப்பைக்கிடங்குல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு, போர் 120 அடி, கொஞ்ச நாளா தண்ணிய பக்கெட்ல பிடிச்சு வச்சா மஞ்சளாகுது, லேசா வாடை, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) மீட்டர்ல லிட்டருக்கு 1650 மில்லிகிராம். குப்பைத் தண்ணி இறங்கிடுச்சா, என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு கேள்வி.

முதல்ல அந்த மீட்டர ஓரமா வைங்க. தண்ணியில கரண்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்து அத உப்புக் கணக்கா மாத்திக் காட்டுது, அவ்ளோதான். கடல் உப்பு, செப்டிக் டேங்க், பாறை, குப்பை எது கலந்தாலும் அதுக்கு ஒரே நம்பர் தான். குடிநீர்ல ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, அது தாண்டினாலும் இந்த 1650-ல தெரியவே தெரியாது.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு. காத்துப் படாத நிலத்தடித் தண்ணியில இரும்பு கரைஞ்சிருக்கும், வெளிய வந்து காத்து பட்டதும் துருவா மாறும். குப்பைமேட்டுக்குக் கீழ இது நல்லாவே நடக்கும், ஆனா உங்க ஏரியா பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அந்தக் களிமண்ணே இத செய்யும், அதனால நிறத்த மட்டும் வச்சு குப்பை மேல பழி போட முடியாது.

குப்பைச் சாற, அதாவது குப்பையில ஊறி இறங்குற தண்ணிய, காட்டிக் கொடுக்குறதுல முக்கியமானது ரெண்டு, குளோரைடும் அம்மோனியாவும். குளோரைடு மண்ணுல ஒட்டாது, கிருமி திங்காது, தண்ணியோடவே ஓடும், அதனால எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நிக்கும். ஆனா கடல் பக்கத்துலயே இருக்கே, அதுவும் குளோரைடு தரும். அதனால தனியா பாக்காம அம்மோனியா, பொட்டாசியம், போரான், சிஓடி (தண்ணியில இருக்குற கழிவ சிதைக்க எவ்ளோ ஆக்சிஜன் வேணும்ங்கிற கணக்கு) நாலையும் சேத்துக் கேளுங்க, எல்லாமே ஒண்ணா ஏறியிருந்தா சந்தேகம் குப்பை பக்கம் திரும்பும். செப்டிக் டேங்க்கும் அம்மோனியா தரும்ங்க, அதப் பிரிச்சுப் பாக்கத்தான் நைட்ரேட்டும் ஈ கோலையும் (மலத்துல இருக்குற கிருமி). உலோகத்துல ஈயம், காட்மியம், மாங்கனீசு, இரும்பு போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு அம்மோனியா 0.5, நைட்ரேட் 45 மில்லிகிராம், ரெண்டுக்கும் விட்டுக்கொடுத்தலே கிடையாது. டிடிஎஸ்க்கு 500, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும், அதனால உங்க 1650-ஐ மட்டும் பாத்தா "அனுமதிக்குள்ள இருக்கு"ன்னு வந்துடும், பாருங்க கூத்த.

தண்ணி எடுக்குறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது. மாடி டேங்க்ல பிடிச்சு ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கொண்டு போனா அந்த ரிப்போர்ட் குப்பைக்கே போகும். மோட்டார கால் மணி நேரமாவது ஓடவிட்டு, குழாய்ல தேங்கின பழைய தண்ணி போன பிறகு போர் வாயிலயே பிடிக்கணும். என்ஏபிஎல் (லேப்களுக்குத் தரச் சான்று தர்ற தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்குற லேப்ல பாட்டில் வாங்குங்க, உலோகத்துக்கு நைட்ரிக் ஆசிட் விட்டது தனி, கிருமிக்கு ஸ்டெரிலைஸ் பண்ணது தனி. ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே குடுத்துடுங்க.

ஒரு போர் மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியணும், அதுக்குக் குறைஞ்சது மூணு கிணத்து நீர்மட்டம் வேணும், ஆனா அபார்ட்மெண்ட்டும் டேங்கர் லாரிக்காரங்களும் உறிஞ்சுற ஏரியாவுல அந்த ஓட்டமே திசை மாறும். அதனால தெருக்காரங்க நாலு பேர் சேந்து, குப்பைமேட்டுக்குக் கிட்ட ஒண்ணு, உங்களது, எதிர்ப்பக்கம் தள்ளி ஒண்ணுன்னு ஒரே நாள்ல ஒரே லேப்ல குடுங்க, செலவும் பங்காகும். ஏப்ரல் மே-ல ஒரு தடவை, மழை முடிஞ்சு ஜனவரியில இன்னொரு தடவை. மழைக்கப்புறம் அம்மோனியாவும் குளோரைடும் குறையாம ஏறினா அதுதான் கவலைப்படவேண்டிய விஷயம், மழைதான் குப்பைக்குள்ள இறங்கி சாற தள்ளுது.

ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டர்தான். கொதிக்க வச்சா கிருமி சாகும், உப்பும் உலோகமும் இன்னும் கெட்டியாகும்.

இன்னொண்ணு, 2016 திடக்கழிவு விதிகள்ல குப்பை நிரப்புற இடத்தோட எல்லையில இருந்து 50 மீட்டருக்குள்ள நிலத்தடி நீர கோடை, மழைக்காலம், மழைக்குப் பிறகுன்னு பருவத்துக்குப் பருவம் கண்காணிக்கணும்னு இருந்துச்சு. மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. "தரம் எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, "திருப்திகரம்"னு ஒத்த வார்த்தையில பதில் வந்துடும். எந்தக் கிணறு, எவ்ளோ ஆழம், எந்தத் தேதி, அம்மோனியா குளோரைடு எவ்ளோன்னு லேப் ரிப்போர்ட் நகலாவே கேளுங்க.