அறுபதாவது ஓட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு அறுபதாவது ஓட்டுப் போட்ட அமெரிக்க செனட்டர் பென் நெல்சன் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளாமே?

பதில்: கம்பெனி ஆள்தான். கம்பெனிகளைக் கண்காணிக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் 1970-ல் சட்டப் படிப்பை முடித்தார். ஒமாஹாவில் சென்ட்ரல் நேஷனல் இன்சூரன்ஸில் வேலை பார்த்தார். 1975-76-ல் மாநில இன்சூரன்ஸ் துறை இயக்குநர். பிறகு பழைய கம்பெனிக்கே திரும்பி, அதன் தலைவரானார்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸுக்குக் கடிவாளம் போடுவது பெரும்பாலும் மாநிலங்கள்தான். 1945-ன் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அப்படி. கம்பெனிக்கும் ஏஜென்டுக்கும் லைசென்ஸ் கொடுப்பது, பாலிசி வாசகத்தைப் பார்ப்பது, க்ளெய்ம் வந்தால் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று கணக்கைக் குடைவது எல்லாம் இயக்குநர் அலுவலகத்தின் வேலை. கணக்குக் கேட்டவரே மறுபடி கணக்குக் காட்டும் பக்கம் போய் உட்கார்ந்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

1991 முதல் 1999 வரை நெப்ராஸ்கா கவர்னர், நம்மூர் முதல்வர் மாதிரி. 1996-ல் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நின்று சக் ஹேகலிடம் தோற்றார்; 2000-ல் ஜெயித்தார்.

கேள்வி: நூறு பேர் உள்ள சபையில் ஒருவர் ஓட்டுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி?

பதில்: செனட்டில் மசோதாவை ஓட்டுக்கே வரவிடாமல் விவாதத்தை இழுத்துக்கொண்டே போகலாம். அதை முடித்துவைக்க 60 ஓட்டு வேண்டும். 2009 டிசம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு 58 பேர், கூடவே இரண்டு சுயேச்சைகள். ஒருவர் முறுக்கிக்கொண்டால் மசோதா நின்றுவிடும். கடைசிவரை முறுக்கியவர் நெல்சன். அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் கூடாது, கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்றார். டிசம்பர் 19-ல் சம்மதம் சொன்னார். 21-ம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஓட்டெடுப்பு: 60-40.

அவர் சறுக்கியது இங்கேதான். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்கும் செலவில் மற்ற மாநிலங்கள் சில வருடம் கழித்துப் பங்கு போட வேண்டும். நெப்ராஸ்கா பங்கை மட்டும் மத்திய அரசு காலத்துக்கும் ஏற்கும் என்று ஒரு பிரிவு நுழைந்தது. பத்து வருடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர். மொத்த மசோதாவின் அளவுக்கு அது சில்லறை. ஆனால் பலன் ஒரே மாநிலத்துக்கு என்பதால் பளிச்சென்று கண்ணில் பட்டது. 'கார்ன்ஹஸ்கர் கிக்பேக்' (நெப்ராஸ்காக்காரருக்குக் கிடைத்த கமிஷன்) என்று கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. சலுகையே வேண்டாமென்றார் மாநில கவர்னர். 2010 மார்ச்சில் வந்த திருத்த மசோதா அதை நீக்கியது. அது பட்ஜெட் வகை மசோதா, விவாதத்தை இழுத்தடிக்க முடியாது; 51 ஓட்டே போதும் என்பதால் நெல்சன் எதிர்த்து ஓட்டுப் போட்டும் நிறைவேறிவிட்டது.

கேள்வி: பழைய தொழிலுக்கு உதவினாரா?

பதில்: நெஞ்சறிந்து செய்தாரா என்பது யாருக்குத் தெரியும்? கூட்டாக விலை பேசுவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பெரிய விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கு அதை ரத்து செய்யும் பிரிவு கீழவை மசோதாவில் இருந்தது. நெல்சன் அதை எதிர்த்தார். செனட் மசோதாவில் அது இடம்பெறவில்லை. 2013 ஜனவரியில் பதவி முடிந்ததுமே, கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் தேசியச் சங்கத்துக்குத் தலைமை நிர்வாகியாகப் போனார். ஓய்வுபெற்ற செனட்டர் இரண்டு வருடம் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) சிபாரிசுக்குப் போகக் கூடாது என்று விதி உண்டு. வேலையில் சேர அது தடையில்லை. அந்த விலக்கு மருத்துவக் காப்பீட்டுக்கு ரத்தானது 2021 ஜனவரியில்தான்.