கையை எடுக்காமல் தையல் மிஷின் ஃபுட்டைத் தூக்க முடியுமா? அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, முட்டி லிவர் வைத்த மிஷின் வாங்கித் தரலாமா?

வாங்கித் தரலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் அம்மாவை அந்த மிஷினில் அரை மணி நேரம் உட்கார்ந்து தைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கட்டுகிற புடவையோடேயே உட்காரச் சொல்லுங்கள். புடவை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறீர்கள், அம்மா ஊரில் நாலு வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கிறார், போனில் "கை வலிக்குது" என்றதும் உங்களுக்கு மனசு கேட்கவில்லை. இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கணும். என் மகனும் போன வருஷம் மணிக்கட்டுக்குப் போடுகிற பட்டை ஒன்றை ஆன்லைனில் அனுப்பி வைத்தான். மூடி உடைந்த ஊசி டப்பாவைச் சுற்றிக் கட்ட அது நன்றாக உதவுகிறது.

நான் காரைக்குடியில் 22 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். அதற்கு முன்னால் கல்யாணம் ஆகும்வரை திருப்பூரில் நாலு வருஷம், சிங்கிள் நீடில் பவர் மிஷினில், அதாவது கம்பெனிகளில் இருக்கிற ஒற்றை ஊசி மோட்டார் மிஷினில். முட்டி லிவரைப் பழகியது அங்கேதான். படிப்பு பத்தாவது. அதனால் மிஷின் படித்தவர்கள் யாராவது கீழே வந்து "விளக்கம் முழுமையாக இல்லை" என்று எழுதினால் அதுவும் சரிதான். நான் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முட்டி லிவர் ஒன்றும் மாயமில்லை. மேஜைக்கு அடியில் வலது முட்டிக்குப் பக்கத்தில் ஸ்பாஞ்ச் வைத்த ஒரு தகடு தொங்கும். அதை முட்டியால் வலப்பக்கம் தள்ளணும். மேலே இல்லை, பக்கவாட்டில். புதுசாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் நாள் காலை மேலே தூக்கி மேஜையில் இடித்துக்கொள்வார்கள். தள்ளியதும் எண்ணெய்த் தட்டுக்குள் இருக்கிற குச்சி ஒன்று எழும்பி, மிஷின் தலைக்குள் இருக்கிற லிவரைத் தள்ளி, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கும். முட்டியை எடுத்தால் ஸ்பிரிங் அதை இறக்கிவிடும். ஜூக்கி கம்பெனி மாதிரி பவர் மிஷின்களில் பின்னாடி இருக்கிற கை லிவரால் தூக்கினால் ஃபுட் 5.5 மி.மீ. எழும்பும். முட்டியால் 10 மி.மீ. ஸ்க்ரூவை முறுக்கினால் 13 வரை போகும். ஆனால் 10-க்கு மேல் வைத்தால், ஊசித்தண்டு கீழே நிற்கும்போது ஃபுட்டைத் தூக்கினால் இரண்டும் இடிக்க வாய்ப்பு உண்டு, பார்த்து வைக்கணும்.

இதில் கைக்கு என்ன லாபம் என்றால், ஸ்டார் நெக், அதாவது முனை முனையாக வெட்டிய ஜாக்கெட் கழுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே 9 முனை, நடுவில் 8 உள்மடிப்பு. 17 இடத்தில் நிறுத்தி, ஊசியைத் துணியில் குத்தி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கணும். கையால் செய்தால் வலது கை 34 தடவை பின்னாடி போய் வரும். ஒரு கழுத்துக்கு மட்டும் இவ்வளவு. ஒவ்வொரு தடவையும் இடது கை மட்டும் துணியைப் பிடித்திருக்க, லைனிங் ஒரு நூல் அளவு நழுவும். முட்டியால் தூக்கினால் இரண்டு கையும் துணியை விட்டு நகராது. முனை முனையாகவே நிற்கும். உங்கள் அம்மாவின் வலியில் பாதி அந்த 34-ல் இருக்கலாம். மீதி எதில் என்று டாக்டரிடம்தான் கேட்கணும், என்னிடம் கேட்காதீர்கள்.

நான் கல்யாணம் ஆகி வந்தபோது வீட்டில் இருந்தது என் மாமனாரின் சிங்கர் கால் மிஷின். முட்டி லிவர் பற்றி அவரிடம் சொன்னேன். "ஏன் தாயி, கை என்ன கோயிலுக்கா நேர்ந்து விட்டிருக்கு?" என்றார். பழைய டெய்லர்கள் நிறையப் பேர் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் மாமாவிடம் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை, ஆனால் அன்றைக்குச் சொன்னேன்: கை மிஷினில் வலது கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கணும், இடது கை ஒன்றுதான் துணிக்கு. 1851-ல் காப்புரிமை வாங்கிய அந்த சிங்கர்தான் கால்மிதியைப் பரவலாக்கி வலது கையை விடுவித்தார். நீங்கள் மிதிக்கிறதும் அதே சங்கதிதானே மாமா, நான் முட்டியையும் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். மாமா சிரித்துவிட்டு, "காந்தியே சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தவர்" என்றார். அது நிஜம். இயந்திரம் வேண்டாம் என்றவர், 1924-ல் அவருடைய யங் இந்தியா பத்திரிகையில் வந்த உரையாடலில் சிங்கர் தையல் மிஷின் உருப்படியான கண்டுபிடிப்பு என்று சொல்லியிருக்கிறார். மாமா அதை எங்கே கேட்டாரோ, கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார்.

2011-ல் திருப்பூரிலிருந்து பழைய பவர் மிஷின் ஒன்றை வாங்கி வந்தேன். இங்கேதான் என் கதை.

முதல் மாதம் நன்றாகப் போனது. அப்புறம் கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாக விழ ஆரம்பித்தது. தையல் மேலே பார்க்க லட்சணமாக இருக்கும், திருப்பினால் கம்பளிப்பூச்சி ஒட்டிய மாதிரி இருக்கும். அதுவும் எப்போதும் இல்லை. காலையில் தைத்தால் பழுதே இருக்காது. சாயங்காலம் ஒரு சாண் நன்றாக வரும், அடுத்த சாண் கொசகொசவென்று போகும். ஊசி மாற்றினேன், நூல் மாற்றினேன், பாபின் கேஸ் புதுசு போட்டேன், மேல்நூலை இறுக்குகிற டென்ஷன் ஸ்க்ரூவை நூல் அறுந்துபோகிற அளவுக்கு இறுக்கினேன். எங்கள் தெருவில் இருட்டினால் லைட் எல்லாம் அழுது வடியும். அதனால் கரண்ட் குறைச்சல்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். கரண்ட் குறைந்தால் மிஷின் மெதுவாக ஓடுமே தவிர மேல்நூல் எதற்கு இளகப் போகிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் ஓர் ஆச்சியின் அறுபதாம் கல்யாணம். அரக்குப் பட்டில் ஜாக்கெட். வேலை முடிய ராத்திரி ஒன்பதாகிவிட்டது. மறுநாள் ஆச்சி வந்து பிரித்துப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்னத்தா இது, ஜாக்கெட்டுக்கு மீசை வச்சிருக்க?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். பிரித்துத் தைக்கலாம் என்றால் பட்டில் ஊசி போன தடம் மறையாது. நீவினேன், ஆவி காட்டினேன். தோள்பட்டையில் எறும்பு வரிசை போன மாதிரி புள்ளி நின்றது. அதே நிறத்தில் துணி தேடி மதுரைக்குப் பஸ் ஏறினேன். என் காசு.

திரும்பி வந்த கையோடு புதுக்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியை வரச் சொன்னேன். வந்தவர் மிஷினைத் தொடவே இல்லை. "தைங்கக்கா" என்றார். தைத்தேன், நன்றாக வந்தது. "இன்னும் தைங்க" என்றார். கால் மணி நேரம் பழைய துணியில் ஓட்டிக்கொண்டே இருந்தேன். டீயை வைத்துவிட்டு அவர் மேஜைக்கு அடியில் குனிந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அடியிலிருந்தே பேசினார்: "மிஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க முட்டிதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

களைத்துப்போனால் நான் வலப்பக்கம் சாய்ந்து, முட்டியை அந்தத் தகட்டில் சாத்திக்கொள்கிறேன். எனக்கே தெரியாமல். சுவரில் சாய்கிற மாதிரி. ஃபுட் தூக்கும்போது, மேல்நூலைப் பிடித்திருக்கிற இரண்டு வட்டத் தகடும் விலகிக்கொடுக்கும். துணியை வெளியே இழுக்க அது தேவை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கனத்த துணி தைத்தவர் போல, 13 மி.மீ. கிடைக்க ஸ்க்ரூவை முழுக்க முறுக்கி வைத்திருந்தார். லிவரில் ஆட்டமே இல்லை. முட்டி லேசாகப் பட்டாலே அந்த வட்டத் தகடு விலகிவிடும், நூலும் வழியும். காலையில் நிமிர்ந்து உட்காருவேன், பழுது இருக்காது. சாயங்காலம் சாய்வேன், மீசை முளைக்கும்.

ஸ்க்ரூவைத் திருப்பி லிவருக்கு ஆட்டம் கொடுத்தார். ஸ்பாஞ்ச் தகட்டை முட்டியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினார். ஐந்து நிமிஷ வேலை. இன்றுவரை அந்த வளையம் வரவில்லை.

அதனால்தான் புடவையோடு உட்காரச் சொன்னேன். திருப்பூரில் நாங்கள் எல்லாரும் சுடிதார்தான். புடவையில் கால் இரண்டும் சேர்ந்தே இருக்கும், முட்டியை வலப்பக்கம் விலக்கினால் கொசுவம் இழுத்துப் பிடிக்கும். அதற்கு வசதியாகத் தகட்டை முட்டிக்கு ஒட்டி நகர்த்தி வைப்பார்கள். ஒட்டி வைத்தால் நான் பட்ட பாடுதான். நான் தைக்கும்போது நைட்டிதான், ஆள் வந்தால் மேலே ஒரு துண்டு. இதைப் படித்துவிட்டு யாராவது பண்பாடு பேச வந்தால், ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் தைத்துவிட்டு வந்து பேசட்டும்.

மாமாவின் மிஷின் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாமா 2016-ல் தவறிப்போனார். நான் ஊரில் இல்லாத நாளில் உறவுக்காரர் ஒருவர் அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பர்மா தேக்கிலிருந்து பீங்கான் ஜாடி வரை அங்கே எல்லாம் விலைக்கு வரும். மூன்று வருஷம் கழித்து, பங்களாவை ஹோட்டலாக்கிய ஓர் இடத்துக்குத் தலையணை உறை கொடுக்கப் போனேன். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தில் காபி மேஜையாக நிற்கிறது மாமாவின் மிஷின் கால். தலை இல்லை. மேலே கண்ணாடி. மாமாவுடையதேதான் என்று எப்படித் தெரியும் என்றால், மிதியின் இடது ஓரத்தில் உடைந்த இடத்தில் அவர் கம்பி சுற்றியிருந்தார். அந்தக் கம்பியை எடுக்கக்கூட இல்லை, கறுப்புப் பெயின்டை அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஷூவோடு மிதியில் காலை வைத்து ஆட்டிக்கொண்டே போன் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, பெல்ட் இல்லாமல். உறையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வாங்கியவர்கள் மேல் தப்பில்லை, விற்றவரைச் சொல்லணும். அவர் இந்தத் தளத்துக்கு வரமாட்டார்.

சரி, அம்மா விஷயம்.

முட்டி லிவர் மட்டும் இருந்தால் வலது கை முழுசாக விடுபடாது. திருப்புவதற்கு முன் ஊசி துணிக்குள் இறங்கி நிற்கணும். பழைய கிளச் மோட்டாரில் அதற்குக் கையால் சக்கரத்தைத் திருப்பணும், அதுவும் மணிக்கட்டு வேலைதான். ஊசியைக் கீழேயே நிறுத்துகிற வசதியோடு சர்வோ மோட்டார் வைத்ததைக் கேளுங்கள். தைக்காத நேரத்தில் சத்தமும் இருக்காது, கிளச் மோட்டார் சும்மா இருக்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். இன்னும் காசு போட முடிந்தால், மிதியைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் நூலைத் தானே வெட்டுகிற மிஷின் வருகிறது. சிலவற்றில் பாதி அழுத்தினால் ஃபுட் தூக்கும், முழுக்க அழுத்தினால் நூல் வெட்டும். அதில் முட்டிக்கே வேலையில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஃபுட்டைத் தூக்கப் போய் நூலை வெட்டிவிட்டு அம்மா திட்டிக்கொண்டே இருப்பார்.

"முட்டியால் இயங்கும் மிஷின்" என்று பழைய சிங்கர் 99-ஐ யாராவது விற்க வந்தால் ஏமாற வேண்டாம். அதில் முட்டிக் கம்பி மோட்டாரை ஓட்டுவதற்கு, ஃபுட்டைத் தூக்குவதற்கு இல்லை. கால்மிதி மிதிக்க முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, உங்கள் அம்மாவுக்குத் தேவை வேறு. பட்டனைத் தட்டினால் ஓடுகிற புது வீட்டு மிஷின்களும் அப்படித்தான், காலுக்கு ஓய்வு கொடுத்துக் கைக்கு வேலை வைக்கும்.

கறுப்புத் தலை வீட்டு மிஷினில் சைக்கிள் பிரேக் வயரைக் கட்டி, கீழே ஒரு மிதி வைத்து ஃபுட்டைத் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் வயர் கொஞ்சம் இறுக்கமாக நின்றால் ஃபுட் துணியை அழுத்தாது, துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தும். வயரில் தொய்வு விட்டுக் கட்டத் தெரிந்த ஆள் கிடைத்தால் செய்து பாருங்கள், செலவு குறைவு.

அம்மா இப்போது வைத்திருப்பது கறுப்புத் தலையா, மோட்டார் போட்டதா என்று எழுதுங்கள். உட்காருகிற ஸ்டூலின் உயரத்தையும் அளந்து போடுங்கள். மேஜைக்கு அடியில் தகடு முட்டிக்கு நேராக வருமா, தொடையில் இடிக்குமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.