கேலரி வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள்: கேள்வி-பதில்

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கண்காட்சித் திறப்பு விழாக்களைப் பற்றியதாக ஆகிவிடும். இந்த முறை படம் வைக்கிறவர்கள், இடம் தருகிறவர்கள், பார்க்கப் போகிறவர்கள் என்று மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

அழைப்பிதழ் இல்லாமல் ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவுக்குப் போகலாமா? போனால் ஏதாவது வாங்க வேண்டுமா? (அம்பத்தூர் வாசகர்)

போகலாம். வாங்க வேண்டியதில்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் நடந்தாலும் சரி, ஒரு தெருமுனைத் தனியார் கேலரியில் நடந்தாலும் சரி, பொதுவாகத் திறப்பு விழாவுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து வருகிற அதே சட்டையில் போங்கள்.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் சின்ன கேலரி நடத்துகிறோம். ஆட்கள் கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே வரவைக்க என்ன செய்வது?

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். கேட் பாதி மூடியிருக்கிறது. பக்கத்தில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து தெரியவில்லை. இதையெல்லாம் தாண்டி உள்ளே வர, வருகிறவருக்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

முதலில் கேட்டை முழுசாகத் திறந்து வையுங்கள். ‘ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம், யாரும் வரலாம்’ என்று தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி தமிழில் ஒரு பலகை வையுங்கள். காவலாளியிடம் அன்றைக்குக் காலையிலேயே பேசுங்கள். அவர் ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்பது அவருடைய வழக்கமான வேலை. அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். ‘வாங்க, படம் உள்ளே இருக்கு’ என்று சொல்லச் சொல்லுங்கள். அவரையும் ஒரு சுற்று அழைத்துப்போய்ப் படங்களைக் காட்டிவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்லும் நோட்டை வாசலில் வைக்காதீர்கள். வெளியே போகும் வழியில் வையுங்கள். பார்த்து முடித்தவர் விருப்பப்பட்டால் எழுதட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். ஓவியரோ, நண்பரோ, கல்லூரி மாணவரோ, யாராக இருந்தாலும் பரவாயில்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்ல ஓர் ஆள். இதை நான் எழுதாத மாதம் இல்லை, ஆனாலும் போகிற இடத்திலெல்லாம் வாசல் காலியாகத்தான் இருக்கிறது.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து முதல் கண்காட்சி வைக்கிறோம். நிறையப் பேர் வர என்ன செய்ய வேண்டும்? (கும்பகோணம் மாணவர்)

தம்பி, எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை படம் என்று ஒன்றும் எழுதவில்லை. நான் எதை வைத்துப் பதில் சொல்வது? கண்காட்சி கும்பகோணத்திலேயே என்று எடுத்துக்கொள்கிறேன்.

பத்துப் பதினைந்து நாள் முன்னால் ஒரு வாட்ஸ்அப் அழைப்பு, முந்தின நாள் ஒரு நினைவூட்டல். அழைப்பில் இடம், நேரம், பஸ் நிறுத்தம், எத்தனை நாள் நடக்கிறது, இலவசம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அப்புறம், உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர், ஃபிரேம் போட்டுக் கொடுத்தவர், மாடலாக உட்கார்ந்தவர், வீட்டுக்காரர் இவர்களை நேரில் போய்க் கூப்பிடுங்கள். நேரில் கூப்பிட்டால் வருவார்கள். சிலை வடிக்கும் சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வார்ப்பு வேலை செய்கிறவர்களைக் கூப்பிடத் தோன்றியதா? கோடு பற்றி அவர்களை விட நுணுக்கமாக உங்களிடம் பேச யார் வருவார்கள்?

லேபிள், சுவர்க் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கட்டும் என்று கேலரியில் சொல்கிறார்கள். தமிழில் வைத்தால் தரம் குறைந்ததாக நினைப்பார்களா? (மதுரை ஓவியர், சென்னையில் கண்காட்சி வைக்கிறார்)

நினைக்க மாட்டார்கள். அப்படி நினைக்கிற நாலு பேருக்காக மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்த வேண்டுமா?

நீங்கள் படம் வைக்கப்போகும் சென்னையின் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி இங்கே இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வந்த பணத்தில் அந்த வாழ்க்கையை ஓட்டினார்கள். பணிக்கர் தன் கடைசிக் காலத்தில் எழுத்தையும் ஜாதகக் கட்டங்களையும் குறியீடுகளையுமே ஓவியமாக வரைந்துகொண்டிருந்தவர். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் வரைந்ததோடு நிற்கவில்லை. தமிழ் எழுத்துக்கே புது உருவம் கொடுத்தார். எத்தனையோ புத்தக அட்டைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் இருப்பது அவர் கை. ஓவியமும் தமிழும் இவ்வளவு நெருங்கிப் பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் படத்தின் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுத யோசிக்கிறோம் என்றால் எனக்கு உண்மையிலேயே மனசு தாங்கவில்லை.

என்னோடு இருபது வருடம் படம் மாட்டிய ஓர் ஆசாரி இருந்தார். ஆணி அடிக்கும் முன் நூல் பிடித்து மட்டம் பார்ப்பார். ஒரு படம் அரை அங்குலம் இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். எல்லாம் மாட்டி முடித்ததும் திறப்பு விழாவுக்கு நிற்காமல் கிளம்பிவிடுவார். ‘இருங்கண்ணே’ என்றால், ‘அங்க எழுதியிருக்கிறது எதுவும் எனக்குப் புரியாது, நான் நின்னு என்ன பண்றது’ என்பார். ஒரு தடவை நீர்வண்ணக் கண்காட்சி ஒன்றுக்குத் தமிழிலும் குறிப்பு ஒட்டினோம். அன்றைக்கு அவர் போகவில்லை. முதல் சுவரில் தொடங்கி ஒவ்வொரு குறிப்பாக வாசித்துவிட்டு, திரும்பவும் பின்னால் போய் மூன்றாவது படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவர் கையால் அன்று மத்தியானம்தான் மாட்டிய படம் அது. மறுநாள் மனைவியைக் கூட்டிவந்து அதே படத்தைக் காட்டினார்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும், தமிழ் மேலே வரட்டும். சுவர்க் குறிப்பு நூறு சொல்லைத் தாண்டக் கூடாது. எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறைய வேண்டாம், படத்தின் பக்கத்து லேபிளுக்கு 16 போதும். ஒட்டும் உயரம் தரையிலிருந்து நாலு, நாலரை அடி. ஆங்கிலக் குறிப்பை மெஷினில் போட்டு மொழிபெயர்க்காதீர்கள். அதில் வருவது வாசிக்க முடியாத தமிழ். உங்கள் படத்தைப் பற்றி ஒரு நண்பரிடம் பேசுகிற மாதிரி போனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை எழுதி, பாதியை வெட்டினால் குறிப்பு தயார். ‘கேன்வாஸில் அக்ரிலிக்’ என்று தமிழ் எழுத்தில் போட்டால் எல்லோருக்கும் புரியும், அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் கொம்பும் புள்ளியும் இடம் மாறிவிடும். பிழையோடு ஒட்டுவது ஒட்டாமல் விடுவதை விட மோசம்.

செலவா? இருபது படம் உள்ள கண்காட்சிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பொன்னாடையும் பூங்கொத்தும் வாங்குகிற காசு. கேலரிக்காரர்களிடம் இதையே சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் நீங்களே தமிழில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வாசலில் நிற்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் உரை, வாழ்த்துரை எல்லாம் வைக்கலாமா? எவ்வளவு நேரம்?

விளக்கேற்றுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஓவியருடைய முதல் ஆசிரியரையோ அம்மாவையோ ஏற்றச் சொன்னால் இன்னும் அழகு. பேச்சு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் காத்திருக்காதீர்கள். ஆறு மணி என்று அச்சடித்துவிட்டு ஏழேகாலுக்கு ஆரம்பித்தால், தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவரும் தனியாக வந்த பெண்ணும் படத்தைப் பார்க்காமலே கிளம்ப வேண்டியதுதான்.

நாற்காலி வரிசையைப் படங்களின் முன்னால் போடாதீர்கள். பேச்சை முற்றத்திலோ வராந்தாவிலோ வையுங்கள். பேச்சு முடியும் வரை யாரும் படத்தருகே போகக் கூடாது என்று தடுப்பதும் வேண்டாம்.

விலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் வாங்குவதாக நினைத்துக்கொள்வார்களோ? (பார்வையாளர்)

கேளுங்கள், தப்பே இல்லை. கேலரிக்காரர்களுக்கும் சொல்கிறேன், விலைப்பட்டியலை மேஜை டிராயருக்குள் வைக்காதீர்கள். மேஜை மேல் நாலு பிரதி கிடக்கட்டும். சிவப்புப் பொட்டு ஒட்டினால் விற்றுவிட்டது என்று அர்த்தம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முதல் முறை வருகிறவருக்கு அது தெரியாது. சின்னக் கோட்டோவியம், அச்சுப் பிரதி, அஞ்சலட்டை என்று சில நூறு ரூபாயில் இரண்டு மூன்று பொருள் இருந்தால் சம்பளக்காரரும் ஒன்று எடுத்துப் போவார்.

அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கே போனாலும் படி. கேலரிகளிடம் என்ன கேட்டுக்கொண்டு போவது?

போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். வாசலில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, கழிவறைக் கதவு மூன்றடி அகலமாவது இருக்குமா. ‘வாங்க சார், நாலு பேர் தூக்கிடுவோம்’ என்று பதில் வந்தால் போகாதீர்கள். அப்பாவை மூட்டை மாதிரி தூக்க வேண்டாம்.

இடம் வைத்திருப்பவர்களுக்கு: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இரண்டு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்லாதீர்கள், ஆள் விழுந்துவிடுவார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குள் இருக்கட்டும், உட்கார்ந்து பார்ப்பவருக்கும் எட்டும். முதியவர்களுக்கு ஹாலின் நடுவில் இரண்டு பெஞ்ச். லேபிள் எழுத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

நான் அதிகம் பேசாதவன். ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? (ஓவியர், புதுச்சேரி)

அர்த்தம் சொல்ல வேண்டாம், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள், எத்தனை நாள் ஆனது, எந்த நிறம் சரியாக வராமல் திரும்பத் திரும்ப அழித்தீர்கள். இதைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவரே படத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து உங்களிடம் காட்டுவார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கல்லூரி நண்பர்களோடு வட்டமாக நின்று மற்றவர்களுக்கு முதுகைக் காட்டாதீர்கள். அவர்களை நாளைக்கும் பார்க்கலாம். பேசவே வராது என்றால் உங்களுக்குப் பதிலாகப் பேச இரண்டு மாணவர்களைப் பழக்குங்கள். கொச்சியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயில் இப்படி இளைஞர்களே வருகிறவர்களை அழைத்துப்போய்ப் படைப்புகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதை ஒரு சின்ன ஹாலிலும் செய்யலாம்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

அவசியம் கூட்டிப்போங்கள். தொடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கேலரிக்காரர்கள் ஒரு மூலையில் பாய் விரித்து, தாளும் கிரேயானும் வைத்தால் பெற்றோரும் நிதானமாகப் பார்ப்பார்கள். சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்திருக்கின்றன. அங்கே பிள்ளைகள் அந்த ஓவியங்களுக்கு அடியில்தான் விளையாடுகிறார்கள். எந்தப் பிள்ளையும் வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

டீயும் சுண்டலும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், கையோடு போய்க் கேன்வாஸைத் தொடுவார்கள். குடிக்கத் தண்ணீர் வாசலிலேயே இருக்கட்டும்.

திறப்பு விழா அன்று வர முடியவில்லை. அப்புறம் போனால் ஓவியரைப் பார்க்க முடியாதா?

முடியும். மூன்றாவது, நாலாவது நாள் காலை பதினோரு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. ஓவியர் எந்த நேரத்தில் ஹாலில் இருப்பார் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே வராது. அதைப் போட்டு ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள், நானும் வருகிறேன்.