அமீனா பதில்கள்

சிவில் கோர்ட்டில் அமீனாவாக, அதாவது சம்மனை நேரில் கொண்டு சேர்க்கும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அமீனா வேலைக்கு உத்தரவு கைக்கு வந்துவிட்டது. சம்மனை வாங்க மறுப்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் கவலை.

பதில்: மறுக்கிற ஆளைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும், தம்பி. எதிரில் நிற்கிறார், பெயரை ஒப்புக்கொள்கிறார், ‘கையெழுத்துப் போட மாட்டேன், போய்யா’ என்கிறார். நகலை வாசல் கதவில் ஒட்டிவிட்டு, நடந்ததை அசலில் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 17 அதற்குத்தான் இருக்கிறது.

படுத்துகிறவர் தன்மையாகப் பேசுகிறவர்தான். ‘அவரா? காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சே’ என்று சிரித்த முகமாகச் சொல்பவரே பிரதிவாதியாக இருப்பார். சம்மனில் போட்டோவா இருக்கிறது? அடையாளம் காட்ட வாதியைக் கூட்டிப் போகலாம். ஆனால் அவர் தலை தெரிந்ததுமே நாம் கோர்ட் ஆள் இல்லை, வாதி வைத்த ஆள் என்று ஆகிவிடும். நான் வாதியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவேன்.

அடுத்த தலைவலி சாட்சி. வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினோம் என்று பெயர், விலாசத்தோடு எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தாடையாலேயே வீட்டைக் காட்டிவிடுவார். ‘உங்க பேருங்க?’ என்றால் உள்ளே போய்விடுவார். ‘யாராவது இருந்தால்’ என்றுதான் விதியும் சொல்கிறது. ஆனால் அந்த இடம் காலியாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

அது எப்போது தெரியும் என்றால், பிரதிவாதி வராமலே ஒருதலையாக, அதாவது எக்ஸ்பார்ட்டியாக, தீர்ப்பாகி ஜப்திக்கு ஆள் போன பிறகு. ‘எனக்குச் சம்மனே வரவில்லை’ என்று கட்டளை 9, விதி 13-இல் பிரதிவாதி மனுப் போடுவார். நம்மைக் கூண்டில் ஏற்றுவார்கள். ‘கதவு மரமா, இரும்பா? பூட்டு உள்ளேயா, வெளியேயா? ஆள் எப்போ வருவார்னு விசாரிச்சீங்களா?’ இதற்கு நடுவில் எத்தனையோ கதவுகளைப் பார்த்திருப்போம். ஆகவே எழுதுவதை அந்த வாசலிலேயே நின்று எழுதுங்கள், நேரத்தோடு. ‘வீடு பூட்டியிருந்தது, ஒட்டினேன்’ என்ற ஒற்றை வரி நிற்காது. நியாயமான அளவுக்குத் தேடியும் ஆள் அகப்படவில்லை, சீக்கிரம் அகப்படுவார் என்றும் தோன்றவில்லை என்றால்தான் ஒட்டலாம். முதல் நடையிலேயே பசையை எடுக்காதீர்கள். கோர்ட் வராந்தாவை விட்டு இறங்காமலே ஒட்டி முடிக்கும் மகான்களும் உண்டு. அவர்களிடம் தொழில் கற்க வேண்டாம்.

கேள்வி: கணவர் வெளியூரில் இருந்தபோது சிவில் கோர்ட் சம்மனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெண்ணிடம் கொடுத்தால் செல்லாது என்கிறார் மாமனார்.

பதில்: மாமனார் சொல்வது ஒரு காலத்துச் சட்டம், அம்மா. உங்கள் கணவர் சீக்கிரம் திரும்புகிற மாதிரி இல்லை, அவருக்காக வாங்க அதிகாரம் பெற்ற முகவரும் இல்லை என்றால், உடன் குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ என்று சிவில் சட்டத்தில் 1976 திருத்தம் சேர்த்துவிட்டது. கிரிமினல் பக்கம்தான் ‘வயது வந்த ஆண்’ என்ற வார்த்தை விடாப்பிடியாக இருந்தது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகே அதுவும் போனது. வீட்டு வேலையாளிடம் கொடுத்தால் மட்டும் இரண்டிலும் செல்லாது.

கேள்வி: நாய்க்குப் பயந்ததுண்டா?

பதில்: நாய் பரவாயில்லை. அதைக் கட்டிப்போடாமல் ‘ஒண்ணும் பண்ணாது, உள்ளே வாங்க’ என்பவரிடம்தான் பயம்.

கேள்வி: சம்மனை வாங்காமலே நாள் கடத்தினால் வழக்கு நின்றுவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: நிற்காது. ஆள் ஒளிகிறார் என்று கோர்ட் நம்பினால் கோர்ட்டிலும் வீட்டிலும் ஒட்டச் சொல்லும், பேப்பரில் விளம்பரம் போடச் சொல்லும். நேரில் கொடுத்ததற்கு அது சமம். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் மனம் வைத்தால் 90 வரை. அந்தக் கணக்கு ஓடுவதே தெரியாமல் இருப்பார் உங்கள் நண்பர்.

கேள்வி: வாட்ஸ்அப் காலத்தில் அமீனா எதற்கு?

பதில்: என் பேரனும் இதையே கேட்கிறான். 2020 ஜூலையில், கொரோனா சமயத்தில், சம்மனை இமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், அந்தப் புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. போன் யார் கையில் இருந்தது, பார்த்தது அவர்தானா என்று யார் சத்தியம் செய்வது? கூண்டில் ஏறி ‘நான்தான் கொடுத்தேன், இவர்தான் வாங்கினார்’ என்று சொல்ல நீலநிற டிக்கால் முடியாது. அதற்காக, வெயிலில் அலைவது நல்லது என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்!