ஜம்பர் கேபிள் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: காரின் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று ஜம்பர் கேபிள் வாங்கப் போனேன். ஒன்றில் 500 ஆம்பியர், இன்னொன்றில் 1000 ஆம்பியர் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: அட்டையில் உள்ள ஆம்பியர் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். எத்தனை விநாடிக்கு, எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. கடைக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பது முழுச் செம்பா? கம்பியின் குறுக்களவு எத்தனை சதுர மில்லிமீட்டர்?

எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் கேபிள் என்றால் மின்சாரம் போய் வர 6 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்தத் தூரத்துக்குச் சுமார் 1 வோல்ட் இழப்பு; பொறுத்துக்கொள்ளலாம். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு இரண்டரை வோல்ட்டைத் தாண்டிவிடும். இருப்பதே 12 வோல்ட்தான். கேபிள் சூடாகுமே தவிர எஞ்சின் சுற்றாது. சிறிய பெட்ரோல் காருக்கு 16, பெரிய டீசல் வண்டிக்கு 25 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலுறையைக் கனமாகப் போட்டு, உள்ளே ஒல்லியான கம்பியை வைத்து விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் உண்டு. அதே தடிமனுள்ள செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் அது மின்சாரம் கடத்தும். கையில் தூக்கிப் பார்த்தாலே அலுமினியம் லேசாக இருப்பது தெரியும். கிளிப்பையும் திறந்து பாருங்கள். கம்பி ஒரு தாடையோடு மட்டும் இணைந்து, மறு தாடை சும்மா கவ்விக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: கருப்புக் கேபிளை இறங்கிப்போன பேட்டரியில் மாட்டக் கூடாது என்கிறார் ஒருவர். மாட்டினால் என்ன, எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: முதலாமவர். லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரக்கூடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். கடைசிக் கிளிப்பை மாட்டும்போதுதான் மின்சுற்று முழுமையாகிப் பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரியின் தலைமேல் பறக்க வேண்டுமா? பல முறை ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். வெடித்தால் தெறிப்பது கந்தக அமிலம், குனிந்திருப்பது உங்கள் முகம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இரண்டு காரும் 12 வோல்ட் வகைதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். 24 வோல்ட் லாரியிடம் உதவி கேட்கக் கூடாது. பேட்டரி விரிசல் விட்டோ, ஒழுகியோ, உறைந்தோ இருந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம். கார்கள் ஒன்றையொன்று உரசக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கருப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை ஸ்டார்ட் ஆகாத காரின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளிக் கவ்வவிடுங்கள். மைனஸ் கிளிப்பை மாட்டுவதற்கென்றே காரில் எர்த் பாயின்ட் இருந்தால் அதுவே நல்லது.

நல்ல காரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிறகு உங்கள் காரை முயலுங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். கிளிப்புகள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. ஹைபிரிட் கார்கள் பலவற்றிலிருந்து பிற கார்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டினேன். மறுநாள் மறுபடியும் அதே கதை. புது பேட்டரி வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர்; குறுகிய ஓட்டத்தில் அது காலி பேட்டரியை நிரப்பிவிடாது. சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் பேட்டரியின் மேல் சந்தேகம் வலுக்கிறது. எஞ்சின் ஓடும்போது பல கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். 13 வோல்ட்கூடத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் பேட்டரியை மாற்றினால் புதியதும் வழியில் இறங்கும். எல்லாம் சரியாக இருந்தும் காரில் மாட்டி வைத்தால் இரவில் இறங்குகிறதா? டிக்கி விளக்கோ, பிற்பாடு தனியாகப் பொருத்திய கேமராவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது) செய்து காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள். புதியதில் தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரிக்கு முழு விலை கொடுக்க அவசியமில்லை. வாரண்டி அட்டையில் எத்தனை மாதம் முழுவதும் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் ஒரு பங்கு மட்டும் கழித்துத் தருவார்கள் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.