பின்னங்கால் கேள்விகள்: நொண்டல் நின்றுவிட்டால் ஓட விடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்களின் பின்னங்கால் சமாச்சாரம்தான். பள்ளி விடுமுறை, பீச், பந்து. காரணம் கேட்கவே வேண்டாம்.

என் நாய் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? (வியாசர்பாடி)

என்ன ஜாதி, எத்தனை வயது, எத்தனை கிலோ, எந்தக் கால், எத்தனை நாளாக? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? முதலில் பாதத்தைத் திருப்பி முள், கண்ணாடிச் சில்லு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டினால், சதையைவிட முட்டி ஜவ்வின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். குதிகால் தரையில் படிய நடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

என் முட்டி வலி மாத்திரை மிச்சம் இருக்கிறது. பாதி கொடுக்கலாமா? (பெரம்பூர்)

கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாதியும் கூடாது, காலும் கூடாது. தைலம், ஸ்ப்ரேயும் வேண்டாம். தடவியதை நக்கிவிடும்.

ஐஸா, வெந்நீர் ஒத்தடமா? (தண்டையார்பேட்டை)

முதல் மூன்று நாள் ஐஸ். துணியில் சுற்றி, பத்து நிமிடம், தினம் மூன்று நான்கு தடவை. வீக்கம் வடிந்த பிறகு வெந்நீர். முதல் நாளே சூடு வைத்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும்.

இரண்டு வயது சிப்பிப்பாறை, 22 கிலோ. காசிமேடு பீச்சில் பந்தைத் துரத்தித் திரும்பும்போது கத்திவிட்டு நின்றுவிட்டான். இடது உள்தொடையில் வீக்கம். டாக்டர் மெலாக்ஸிகாம் என்ற வலி மாத்திரை கொடுத்தார். நான்காம் நாளே நொண்டல் இல்லை. வரும் ஞாயிறு ஓட விடலாமா? (ராயபுரம்)

எடை, வயது, நடந்தது எல்லாம் எழுதியதற்கு நன்றி. கடைசிக் கேள்விக்காகத் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை வலியை நிறுத்தியிருக்கிறது. சதையை ஒட்டவைக்கவில்லை. கிழிந்த இடத்தில் இப்போது இருப்பது ஈரமாவு மாதிரி இளம் தழும்பு. அது நாராக முறுக்கேற வாரங்கள் ஆகும். அதற்குள் சிப்பிப்பாறை முழு வேகத்தில் ஒரு திருப்பம் திரும்பினால் அதே இடம் இன்னும் பெரிதாகக் கிழியும். பந்தய கிரேஹவுண்டுகளுக்கும் உள்தொடையின் கிராசிலிஸ் தசைதான் அடிக்கடி போகும். முழுசாக அறுந்திருந்தால் ஆபரேஷனை முதல் சில நாட்களிலேயே யோசிக்க வேண்டும். ஆகவே ஞாயிறுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! போன வருஷம் இதே மாதிரி கன்னி என்ற வேட்டை ஜாதி நாய் ஒன்றைப் பார்த்தேன். ஓட்டமும் ஆட்டமும் பிரமாதம் என்றார் வீட்டுக்காரர். தரையில் உட்கார்ந்து உள்தொடையை விரலால் நீவினேன். நடுவில் தாம்புக்கயிற்று முடிச்சு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தியபோது அது கத்தவில்லை. திரும்பி என் விரலைப் பார்த்து உதட்டை ஒரு தடவை நக்கியது, அவ்வளவுதான். வேட்டை நாய்கள் வலியை அப்படித்தான் சொல்லும். பத்து நாள் கழித்து அந்த நாய் மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தது.

நடுத்தரக் கிழிசலுக்கு என் கணக்கு இது. முதல் வாரம் மூத்திரம், மலத்துக்கு மட்டும், அதுவும் லீஷில். பிறகு ஐந்து நிமிட மெதுநடை, தினம் மூன்று தடவை, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். நான்காவது வாரம் உட்கார்ந்து எழும் பயிற்சி, தரையில் வைத்த கம்புகளைத் தாண்டி நடப்பது. ஆறில் லீஷோடு துள்ளுநடை. எட்டுக்குப் பிறகு நேர்க்கோட்டில் ஓட்டம். பந்தும் திருப்பமும் கடைசி. இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பந்து பீரோவிலேயே இருக்கட்டும்.

கடலில் நீந்தவிட்டால் சீக்கிரம் ஆறுமாமே? (திருவொற்றியூர்)

அலையில் உதைப்பது நீச்சல் பயிற்சி ஆகாது. இடுப்பை மடக்கும் தசை நொந்திருந்தால் ஆரம்பத்தில் நீச்சலே வேண்டாம், ஒவ்வொரு உதைக்கும் அதுதான் இழுபடும். தண்ணீருக்குள் நடக்கவைக்கும் டிரெட்மில் வேறு, அது கட்டுப்பாட்டோடு நடப்பது. பக்கிங்ஹாம் கால்வாய் பக்கம் மட்டும் இறக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மாலினாய் ஜாதி நாய் தடை தாண்டத் தயங்குகிறது. (கொளத்தூர்)

எக்ஸ்ரேயில் சதைக் கிழிசல் தெரியாது. காலைப் பின்னால் நீட்டி உள்பக்கம் திருப்பும்போது இழுத்துக்கொள்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டால் இடுப்பை மடக்கும் இலியோசோவாஸ் தசையாக இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் எடுக்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், 5 வயது. வலி இல்லை. ஆனால் நடக்கும்போது பின்பாதம் சட்டென்று உள்பக்கம் சுழல்கிறது. (மாதவரம்)

தொடைச் சதை தழும்பாக இறுகிவிட்ட மாதிரி தெரிகிறது. இந்த ஜாதியில் பார்ப்பதுதான். வெட்டி எடுத்தாலும் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப இறுகும். வலி இல்லையென்றால் கத்தியை விடுங்கள். நடைப் பயிற்சியும் எடைக் கட்டுப்பாடும் போதும்.

வீட்டில் வழுவழு டைல்ஸ். எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னங்கால் சறுக்குகிறது. (மணலி)

அரிசிச் சாக்கைப் பிரித்து விரியுங்கள், படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள், பாதத்துக்கு அடியில் வளர்ந்த முடியையும்.