இலங்கையின் குறுக்கே இரண்டு பேராகச் சைக்கிளில் போக நினைக்கிறோம். போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா? எதைக் கவனிக்க வேண்டும்?

நாங்கள் போய் வந்திருக்கிறோம். 2024 மாசியில், திருகோணமலையிலிருந்து தலைமன்னாருக்கு. மூன்று நாள், 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். எனக்கு அப்போது 42 வயது, அவனுக்கு 26. அவன் என்னை அத்தான் என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். இந்த உறவுமுறையை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பயணத்தில் வந்த சிக்கல் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

எந்தச் சைக்கிள், என்ன கொண்டுபோவது என்றுதான் பெரும்பாலும் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் கூடப் போகிறவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் நான் சைக்கிளுக்குத் திரும்பினேன். எங்கள் ஊரான நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போக 15 கிலோமீட்டர், வர 15. கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் முறை வந்து பெற்றோல் ஒழுங்காகக் கிடைத்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர் எங்கள் வீதியால்தான் போவார்கள். அறுபது வயது தாண்டிய அம்மாமார் வெறுங்காலோடு, தலையில் ஒரு துணி மூட்டையோடு நடப்பார்கள். அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தபோதுதான், இரண்டு சில்லு இருக்கிற நான் ஏன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்று தோன்றியது.

பாதையைத் தேர்ந்தது தம்பி. கோணேச்சரத்தில் தொடங்கித் திருக்கேதீச்சரம் போவோம், அங்கிருந்து கடல் முடியும் இடம் வரை போவோம் என்றான். சம்பந்தர் பாடிய ஈழத்துத் தலங்கள் இந்த இரண்டும்தான். ஒன்று கிழக்குக் கரையில், மற்றது மேற்குக் கரையில். இரண்டுக்கும் நடுவில் ஹொரவப்பொத்தானை, கெபித்திகொல்லாவ, வவுனியா, முருங்கன். மாமிக்குத்தான் பயம். அந்த வீதியால் எங்கள் ஆட்கள் போக முடியாமல் இருந்த வருடங்கள் அவவுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் எடுக்கிறோம் என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் விட்டவ.

முதலில் காற்றைப் பற்றி. 2023 ஆடியில் ஒரு தடவை புறப்பட்டுப் பன்குளத்தோடு திரும்பி வந்தோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் பக்கம் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து சூடாக, காய்ந்து வீசும். மேற்கே போகிறவனுக்கு அது நேர் முகத்தில் அடிக்கும். 25 கிலோமீட்டருக்கு மூன்று மணித்தியாலம் உழக்கினோம். ஏற்றம் என்றால் ஏறி முடிந்ததும் இறக்கம் வரும், எதிர்க்காற்றுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. மாரி மழை ஓய்ந்த பிறகு, மாசியில், காற்று கிழக்குப் பக்கமிருந்து முதுகில் தள்ளும். அதே பன்குளத்துக்கு அப்போது ஒன்றேகால் மணித்தியாலத்தில் போய்விட்டோம். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள்.

சைக்கிள் இரண்டும் லுமாலா மலைச்சைக்கிள்தான். விலை கூடிய எதுவும் இல்லை. முள்ளு முள்ளான டயரைக் கழற்றிவிட்டு அகலம் குறைந்த வழுவழுப்பான டயர் போட்டோம், அது ஒன்றே பெரிய வித்தியாசம். சீற்றில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். பலர் சீற்றைப் பதித்து வைத்துக்கொண்டு முழங்கால் நோகிறது என்கிறார்கள். வலப்பக்க ஹாண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி கட்டாயம். பின்னால் வரும் பஸ் எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்த்து ஓரம் கட்டலாம், திரும்பிப் பார்க்கப் போனால் வண்டி நடுவீதிக்கு இழுக்கும். பாரத்தை முதுகில் சுமக்காமல் கரியரில் கட்டுங்கள்.

இனி முதல் நாள். விடிய ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் மான்கள் நிற்க, கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். அனுராதபுரச் சந்தி, கன்னியா, பன்குளம். மாசிப் பனியில் உழக்குவது அவ்வளவு சுகம். தம்பி எனக்கு முன்னால். கூப்பிட்டால் கேட்கிற தூரம் முதலில், பிறகு கண்ணுக்குத் தெரிகிற தூரம், பிறகு அதுவும் இல்லை. மெதுவாகப் போ என்று நான் சொல்லவில்லை. வயதுக்கு மூத்தவன், எப்படிச் சொல்வது என்று ஒரு வீம்பு.

முதலிக்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் டயர் காற்றுப் போனது. புது ரியூப் என்னிடம் இருந்தது. பம் அவனுடைய பாக்கில். பாரத்தைப் பங்கு போடுவோம் என்று முந்தின நாள் இரவு கெட்டித்தனமாகப் பிரித்து வைத்தது நாங்கள்தான். போனில் சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் பற்றைக்காடு, வீதியோரத்தில் ஈரம் காயாத யானை இலத்தி. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

இரண்டு கிலோமீட்டர் அளவில் ஒரு வீடு. வயல்காரச் சிங்கள ஐயா ஒருவர், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து தந்தார், தன் பழைய சைக்கிளின் பம்மையும் எடுத்துவந்தார். அது என் வால்வுக்குப் பொருந்தவில்லை. பழைய சைக்கிள்களில் இருப்பது மெல்லிய வால்வு, எங்களுடையது மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்தது, நடுவில் ஊசி உள்ளது. அந்தத் தடித்த வால்வில் பொருந்தாத பம்மால் காற்று அடிக்க முடியாது. இதை நிலாவெளியில் இருந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் டயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தேன். நகத்தில் ஏதோ சுரண்டியது. வெடித்த லொறி டயரிலிருந்து சிதறும் கம்பி, மயிர் அளவு தடிப்பு, வெளியே தெரியவே தெரியாது. அதை எடுக்காமல் புது ரியூப்பைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். ரியூப் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இப்படித் தடவிப் பாருங்கள். ஐயா நகவெட்டியால் பிடித்து இழுத்துத் தந்தார். நாலரைக்குப் பிறகு இந்த வீதியில் சைக்கிளில் நிற்கவேண்டாம், யானை இறங்கும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத் தம்பி திரும்பி வந்தான். "அத்தான், நான் ஹொரவப்பொத்தானைச் சந்தியில பிளேன்டி குடிச்சிட்டு உங்களப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. பம்மை வாங்கிக் காற்று அடித்தேன். அவனும் பேசவில்லை. கெபித்திகொல்லாவ தாண்டி வவுனியா வரை தண்ணீர் வேணுமா, நிப்பாட்டவா என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. 95 கிலோமீட்டர் அளவு உழக்கிய களைப்பில் குருமண்காட்டுச் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டோம்.

அடுத்த நாள் காலை அவன் எனக்குப் பின்னால் வந்தான். ஒரு தடவைகூட முந்தவில்லை. நேற்றைய பிழையை நினைத்து அடங்கி வருகிறான் என்று எண்ணிக்கொண்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. இதை எழுத இப்போதும் மனம் உறுத்துகிறது.

பறயனாலங்குளத்தில் மன்னார் வீதியில் ஏறிய பிறகு வெயில் சுட்டது. நேரான வீதி, நிழல் குறைவு. மடுச் சந்தியும் கடந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன், அவனுடைய வண்டி ஓரக் கோட்டில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான், ஆனால் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சரிந்தான். கெண்டைக்கால் கல்லுப்போல இறுகி, தோலுக்குள் சதை துடிப்பது வெளியே தெரிந்தது. கறுத்த ரீசேட்டின் முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாய்க் கோடு போட்டிருந்தது. அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது.

காலையில் இரண்டே இரண்டு இடியப்பம். அதன் பிறகு மூன்று லீற்றர் வெறும் தண்ணீர். வியர்வையோடு போன உப்புக்குப் பதில் உப்பு உள்ளே போகவில்லை. ஒரு மர நிழலில் கிடத்தி, சப்பாத்தைக் கழற்றி, கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத்துணி வைத்தேன். உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சில மிடறாகக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் முகம் தெளிந்தது. பேச்சுக் குழறினால், சத்தி நிற்காமல் வந்தால், உடம்பு கொதித்தால் நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வருகிற வாகனத்தை மறித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆளுக்கு நாலு பக்கெட் ஜீவனி கொண்டுபோங்கள், பாரமே இல்லை. தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்திய குடி. வெயிலில் மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது, கூடவே உப்புள்ள ஏதாவது வேண்டும். எங்களுக்குப் பிறகு உதவியது உப்புக் கச்சான் கடலையும், முருங்கன் கடையில் சோற்றோடு தந்த மோரும்தான்.

இரண்டு மணித்தியாலம் அவனைப் படுக்க விட்டேன். பிறகு மெதுவாக முருங்கன், உயிலங்குளம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். மாந்தையில் திரும்பித் திருக்கேதீச்சரம் போய்ச் சேர நாலரை. பாலாவித் தீர்த்தத்தில் கால் கழுவிவிட்டு மடத்துத் திண்ணையில் இருந்தபோதுதான் அவன் வாய் திறந்தான்.

"விடியவே தலையிடிச்சது அத்தான். நீங்க நேற்றுக் கோவமா இருந்தீங்க. பிறகு இதையும் சொன்னா என்ன நினைப்பீங்களெண்டு சொல்லேல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதல் நாள் மெதுவாகப் போ என்று நான் வாய் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மூத்தவன் என்பதால் நான் சொல்லவில்லை, இளையவன் என்பதால் அவன் சொல்லவில்லை. அன்று இரவு அந்தத் திண்ணையிலேயே மூன்று ஒப்பந்தம் பண்ணினோம். மெதுவாக உழக்குகிறவர்தான் எப்போதும் முன்னால், வேகமானவர் பின்னால். இருவரிடமும் பம்மும் ரியூப்பும் ஒட்டும் சாமானும் தனித்தனியாக இருக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று, உடம்பு எப்படி என்று ஒருவர் கேட்க மற்றவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், "பரவாயில்லை" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் நண்பர்களோ, அண்ணன் தம்பியோ, கணவன் மனைவியோ, வீட்டிலிருந்து புறப்பட முதலே இதை இருந்து பேசுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 கிலோமீட்டர் சேர்ந்து போய்ப் பாருங்கள். களைத்தால் அவர் எப்படி இருப்பார், நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று இருவருக்கும் தெரிய வரும்.

மூன்றாம் நாள் இலேசான நாள். மன்னார்த் தாம்போதியில் ஏறும்போது இரண்டு பக்கமும் மட்டமான நீர், தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு போல நின்றன. தீவுக்குள் கழுதைகள், பேசாலையில் கருவாட்டு மணம், தெற்குக் கரையோரம் 30 காற்றாலை. நான் முன்னால், அவன் பின்னால், வழியெல்லாம் பேச்சு. தலைமன்னார் இறங்குதுறையில் ஒரு காலத்தில் இராமேஸ்வரத்துக் கப்பலுக்கு ரயிலில் வந்து இறங்கிய ஆட்களைப் பற்றி மாமா சொன்ன கதைகளை அவன் சொல்லிக்கொண்டு நின்றான். 1990இல் போரில் அழிந்த அந்த ரயில் பாதை 2015இல்தான் திரும்பவும் துறை வரை வந்தது. மாமிக்குப் போன் எடுத்துக் கடல் சத்தத்தைக் கேட்க வைத்தோம். வீட்டுக்குத் திரும்பியது தெரிந்தவரின் பட்டா வாகனத்தில், சைக்கிள் இரண்டையும் பின்னால் படுக்கப்போட்டு.

வருகிற மாசியில் மட்டக்களப்புக்குப் போக இருக்கிறோம். முன்பு துறைக்குத் துறை 'பாதை' என்கிற மிதவையில் ஏறி இறங்க வேண்டிய வீதி, 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பிறகு மற்றப் பாலங்களும் திறந்ததோடு எல்லாம் மாறிவிட்டது. இந்தத் தடவை எங்களோடு என் மனைவியும் வருகிறா. எங்கள் மூன்று பேரிலும் மெதுவாக உழக்குவது அவதான், அதனால் முன்னால் போவதும் அவதான்.